பட்டியலில் பதினைந்தாவது பெயர்

எங்கள் கடைக்குப் பெயர் வைப்பதற்காக நான் போட்ட பட்டியல் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. முதலில் பதினான்கு பெயர்கள், ஐந்து கேள்விகள். சொல்ல எளிதா? போனில் ஒரு தடவை சொன்னால் புரியுமா? ஊரில் வேறு யாராவது வைத்திருக்கிறார்களா? பில்லில் அச்சடித்தால் நன்றாக இருக்குமா? பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் கூச்சமாக இருக்குமா? ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து மதிப்பெண். பன்னிரண்டு பெயர்கள் நான் எழுதியவை. ஒன்று அம்மா சொன்னது, ஒன்று அப்பா சொன்னது. அப்பா சொன்னதற்கு மட்டும் நான் மதிப்பெண் போடவில்லை.

இதில் எந்தப் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு பெயரை எழுத எனக்கு உரிமையில்லை என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. இன்னொன்று எங்கள் வீட்டில் எளிதாகச் சொல்லக்கூடிய பெயர் இல்லை.

அப்பாவுக்கு மோட்டார் வைண்டிங் வேலை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டு, புதுக் கம்பி சுற்றி ஓட வைப்பார். சங்கரன்கோவில் கடைத்தெருவில் ஒரே கடையில் இருபத்திரண்டு வருஷம் அந்த வேலையைப் பார்த்தார். முதலாளியின் மகன்கள் பொறுப்புக்கு வந்ததும் கடைக்குக் கண்ணாடிக் கதவு போட்டு, புது மோட்டார் விற்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அப்பா தன் சாமான்களை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் மின்னியல் படித்துவிட்டு, கோயம்புத்தூரில் மோட்டார் கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்யும் கம்பெனியில் நான்கு வருஷம் இருந்தவள். எங்கள் தெருவில் இருக்கிற விசைத்தறிகளுக்கும் இப்போது எலக்ட்ரானிக் போர்டு வந்துவிட்டது. அது பழுதானால் கழற்றிக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். இங்கேயே உட்கார்ந்து அதைச் சரிசெய்யலாம் என்று கணக்குப் போட்டு நான் வந்தேன். வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஒரு பக்கம் அப்பாவின் சுற்றும் மெஷின், மறுபக்கம் என் மேஜை. நடுவில் அம்மா, மோட்டாருக்குள் வைக்கிற காப்புக் காகிதத்தை அளவாக வெட்டி மடித்துக்கொண்டிருப்பாள். கடை போனும் அவள் பக்கத்தில்தான் இருக்கும். எங்கள் இருவர் கையும் காலியாக இருக்காது.

ஒரு வருஷம் பெயரில்லாமலே ஓடியது. ராஜபாளையம் ரோட்டில் உள்ள ஒரு மில், வருஷம் முழுக்கத் தன் மோட்டார்களையும் பேனல்களையும் எங்களிடம் கொடுப்பதாகச் சொன்னபோதுதான் பெயர் தேவைப்பட்டது. பதிவு பெற்ற நிறுவனம் வேண்டும், அந்தப் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும் என்றார்கள். அப்பாவும் நானும் பங்குதாரர்களாக ஒரு நிறுவனம் பதிவு செய்வது என்று முடிவானது. படிவத்தில் முதல் கேள்வியே நிறுவனத்தின் பெயர்தான்.

அப்பா யோசிக்கவே இல்லை. பழைய கடையின் பெயருக்கு முன்னால் 'நியூ' சேர்த்துச் சொன்னார்.

"அது மொதலாளி கடைப் பேருல்லாப்பா."

"நியூ போட்டாச்சுன்னா வேற கடைதான மக்கா?"

இதை வெளியூர்க்காரர்கள் திருட்டு என்று நினைக்கலாம். எங்கள் ஊரில் அப்படி இல்லை. அண்ணன் தம்பி பிரிந்தால் தம்பி கடைக்கு 'நியூ' வரும். வேலைக்காரர் தனியாகக் கடை போட்டால் 'நியூ' வரும். ஒருநாள் தேரடியிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரை நடந்து எண்ணிப் பார்த்தேன். பதினொரு போர்டுகளில் 'நியூ' இருந்தது. அதில் இரண்டு என் வயதைவிட மூத்தவை. எங்கிருந்து வந்தோம் என்பதை மறைக்காமல் சொல்லும் மரியாதையாகத்தான் அப்பா அதைப் பார்த்தார்.

இன்னொரு காரணமும் இருந்தது. இங்கே கடைப் பெயர் ஆளின் மேல் ஒட்டிக்கொள்ளும். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கடைப் பெயர் போடுவார்கள். பிறகு அடைப்புக்குறிக்குள் இருந்ததே ஆளின் பெயராகிவிடும். கரிவலம்வந்தநல்லூர் விவசாயிகளுக்கும் வாசுதேவநல்லூர் தோப்புக்காரர்களுக்கும் என் அப்பா அந்தக் கடைப் பெயரோடு சேர்ந்த அண்ணாச்சி. அம்மா அந்தக் கடைப் பெயரோடு சேர்ந்த அக்கா. பள்ளிக்கூடத்தில் நான் அந்தக் கடைக்காரர் பிள்ளை. அந்தக் கடையில் எங்களுக்கென்று ஓர் ஆணிகூடக் கிடையாது. ஆனால் அப்பாவைத் தேடி வருகிற ஒவ்வொருவரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வந்தார்கள். அது இல்லாவிட்டால் தன்னை யாருக்கும் தெரியாது என்று அவர் பயந்தார். வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் எந்தப் பெயரைச் சொன்னாலும், "நல்லாத்தான் இருக்கு. இது யாரு கடைன்னு கேப்பான்லா?" என்பார்.

அம்மா அம்மன் பெயரைச் சொன்னாள். அம்மன் பெயரில் மருந்துக் கடை, பேக்கரி, தறிக்கூடம், டிராவல்ஸ் எல்லாம் ஏற்கெனவே இருப்பதை எடுத்துச் சொன்னேன். "அதனாலதான் ஒருத்தனும் நம்மள கேள்வி கேக்க மாட்டான்" என்றாள். என் பன்னிரண்டு பெயர்களையும் வாசித்துக் காட்டினேன். எல்லாம் கேட்ட பிறகு, "கம்ப்யூட்டர் சென்டர் மாதிரி இருக்கு" என்றாள்.

நான் செய்த தவறு அடுத்த நாள் நடந்தது. வணிகச் சின்னங்களைத் தேடும் அரசு இணையதளத்தில் அப்பா சொன்ன பெயரைப் போட்டுத் தேடினேன். எதுவும் வரவில்லை. பழைய கடை அங்கே பதிவாகவில்லை, ஆகவே தடை இல்லை என்று எடுத்துக்கொண்டேன். கூட்டு நிறுவனங்களின் பதிவேடு வேறு இடத்தில் இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பதிவேட்டையும் சரிபார் என்று ஒரு வரி என் பட்டியலில் இருந்திருந்தால் போதும். உண்மையைச் சொன்னால், அப்பாவிடம் வேண்டாம் என்று சொல்வதைத் தள்ளிப்போட எனக்கு ஒரு தேடல் முடிவு கிடைத்தது. அதை நம்பினேன்.

ஆடிட்டர் ஆபீஸில் பத்திரம் தயார் செய்யும் அக்கா விண்ணப்பத்தை அனுப்பினார். பதில் வருவதற்குள் அப்பா போர்டு எழுதி வாங்கிவிட்டார். தகரத்தில், மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து. கார்டும் அச்சடித்து, கரிவலம் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரருக்குக்கூடக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த நாட்களில் அவர் நடையே மாறியிருந்தது.

விண்ணப்பம் திரும்பி வந்தது. ஏற்கெனவே பதிவான ஒரு நிறுவனத்தின் பெயரோடு ஒத்திருக்கிறது என்று ஒரு வரி. முதலாளியின் மகன்கள் பொறுப்பேற்றபோது தந்தையோடு சேர்ந்து அந்தப் பெயரைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

"நியூ போட்டிருக்கோமே" என்றார் அப்பா.

"நியூ போட்டா புதுசாயிருமா அண்ணாச்சி? அப்ப நானும் நியூ கலெக்டர்னு ஒரு போர்டு வச்சுக்கிடுதேன்" என்றார் அக்கா. அப்பா சிரிக்காததைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "அவங்ககிட்ட ஆட்சேபணை இல்லன்னு ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. கேட்டுப் பாப்போம். கண்டிப்பா கெடைக்கும்னு சொல்ல மாட்டேன்."

அப்பாவை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பழைய கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போனதும், மேஜைக்குப் பின்னால் இருந்த முதலாளி தலையைத் தூக்கி ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் வேறு யாரோ வருகிறார்கள் என்று நினைத்தேன்.

அது என் அப்பாவின் பெயர்.

அந்தப் பெயர் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆதார் அட்டையில் இருக்கிறது. ரேஷன் கார்டில் இருக்கிறது. என் சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் என் பெயருக்கு முன்னால் ஒரே ஓர் எழுத்தாக நிற்கிறது. ஆனால் ஒரு மனிதர் வாயிலிருந்து அது வந்து, அதற்கு என் அப்பா திரும்புவதை நான் பார்த்த ஞாபகமே இல்லை. கடைப் பெயர் முதலாளியுடையது. அதைச் சொல்லி அவர் எப்படி இன்னொருவரைக் கூப்பிடுவார்? ஊரில் எல்லோரும் மறந்துபோன பெயரை அவர் ஒருவர்தான் இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"என்னடே, மக பெரிய இஞ்சினியராமே. உக்காரு வே. டீ சொல்லுதேன்."

அப்பா உட்காரவில்லை. விஷயத்தை நான்தான் சொன்னேன். முதலாளி கடைசிவரை கேட்டார்.

"பயலுவளும் சேந்து பதிஞ்சது. நான் ஒருத்தன் கையெழுத்துப் போட்டா ஆகாது" என்றார். பிறகு, "போட்டா ஆகும்னே வையி, அப்பவும் போட மாட்டேன்" என்றார்.

"மொதலாளி…"

"இல்லடே, கேளு. கடை என்னுது. போர்டு என்னுது. எங்கம்மை பேர வச்ச கடை. கடைக்கு வாரவன் பூராவும் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே, 'அண்ணாச்சி இல்லையா?'ன்னு உன்னயக் கேப்பான். எங்கம்மை பேர வச்சு உன்னயக் கூப்பிட்டானுவ. என்னய எவனாவது கூப்பிட்டானா? இப்ப நீ போன பொறவுதான் ரெண்டு பேரு என்னய அப்படிக் கூப்பிடுதான். அதையும் கேக்குதியே, நல்லா இருக்கா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கண் சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் மனசில் வைத்திருந்ததை இன்றைக்குத்தான் சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அப்பாவுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

"எனக்கு இது தெரியாது மொதலாளி" என்றார்.

"தெரிஞ்சா மட்டும் என்ன செஞ்சிருப்ப? டீயக் குடி."

குடித்துவிட்டு வந்தோம். கதவருகே வரும்போது முதலாளி மறுபடியும் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கடை வாசலில் இருந்த தண்ணீர் மோட்டாரில் ஏதோ சத்தம் வருவதாகச் சொன்னார். அப்பா குனிந்து காது வைத்துக் கேட்டு, "பேரிங் போயிருக்கு, அனுப்பி விடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பட்டியலைத் திறந்து பதினைந்தாவது வரியில் அப்பாவின் பெயரை எழுதினேன். பின்னால் 'மோட்டார் ஒர்க்ஸ்' சேர்த்தேன். மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். சொல்ல எளிது. போனில் புரியும். அழகான பெயர் என்று சொல்ல முடியாது. தெருவுக்கு ஒருவருக்கு இருக்கிற சாதாரணப் பெயர். மொத்தத்தில் என் பன்னிரண்டு பெயர்களில் ஏழு இதைவிட அதிகம் வாங்கியிருந்தன. இருந்தாலும் அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அதைத்தான் வாசித்தேன்.

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். "என் பேரா? எவனுக்குத் தெரியும்?"

"போர்டுல போட்டா தெரிஞ்சிட்டுப் போகுது."

அவர் பதில் சொல்வதற்குள் அம்மா குறுக்கிட்டாள். "ஏட்டி, போன எடுக்கது யாரு? நானா, நீயா?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லமாட்டாள். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் வீட்டுக்காரர் பெயர் கேட்டால் பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து நீட்டுவாள். கோயிலில் அர்ச்சனைக்கு என்னைப் பார்ப்பாள், நான் சொல்லுவேன். அப்பாவின் பெயரில் பக்கத்துத் தெருவில் ஒரு தேங்காய்க் கடைக்காரர் இருக்கிறார். அவரைக்கூட 'தேங்காக்கடைக்காரவுக' என்பாள். கடைக்கு அந்தப் பெயர் வைத்தால் தினமும் பத்துத் தடவை போனில் சொல்ல வேண்டும்.

"மோட்டார் கடைன்னு சொல்லும்மா. போதும்."

"அப்ப பேரு எதுக்கு?" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான்.

பதிவை முடிக்க மில் கொடுத்த கெடுவில் ஒரு வாரம்தான் மிச்சம் இருந்தது. மூன்று நாள் அப்பா அந்த மஞ்சள் போர்டைச் சுவரில் திருப்பிச் சாய்த்து வைத்திருந்தார். அந்த மூன்று நாளும் மெஷினில் சுற்றிக்கொண்டே இருந்தார். அந்த மெஷினில் ஒரு சுற்று என்பது கைப்பிடியின் ஒரு திருப்பு. எத்தனை சுற்று என்பதை அவர் உதட்டில் எண்ணுவார். நான் வந்த புதிதில் அதற்கு ஓர் எண் காட்டும் கருவி செய்து பொருத்தினேன். சிவப்பு எழுத்தில் சுற்றைக் காட்டும். அவர் ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை. "அது பாட்டுக்கு எண்ணட்டும்" என்பார்.

நான்காம் நாள் காலையில் ஒரு சுருளை முடித்துக் கட்டிவிட்டு, என் மேஜைப் பக்கம் வந்தார்.

"பதினஞ்சாவதையே போடு."

"நெசமாவா?"

"வேற எந்தப் பேரு வச்சாலும் இன்னொருத்தன்கிட்ட இருக்கான்னு தேடணும். இது ஏற்கனவே என்கிட்ட இருக்கது. எவன்கிட்டயும் எழுதி வாங்க வேண்டாம்லா."

சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா காகிதத்தை மடித்துக்கொண்டே, "நான் மோட்டார் கடைன்னுதான் சொல்லுவேன்" என்றாள்.

இந்தத் தடவை இரண்டு பதிவேட்டிலும் தேடினேன். வெறும் பெயரில் ஏற்கெனவே ஒரு விதைக் கடை இருந்தது. அப்பா தன் இனிஷியலையும் சேர்க்கச் சொன்னார். அது அவருடைய அப்பாவின் எழுத்து. ஆடிட்டர் ஆபீஸ் அக்கா பத்திரத்தைப் படித்துக் காட்டியபோது நிறுவனத்தின் பெயராக ஒரு தடவை, முதல் பங்குதாரராக ஒரு தடவை, இரண்டாம் பங்குதாரரின் தகப்பனாராக ஒரு தடவை என்று அப்பாவின் பெயர் மூன்று முறை வந்தது. ஒவ்வொரு முறையும் அப்பா, தன்னைக் கூப்பிட்டதுபோல லேசாக நிமிர்ந்தார். சான்றிதழ் வந்தது. மில்லுக்கு நகல் கொடுத்தோம். பழைய போர்டின் பின்பக்கத்தில் புதுப் பெயரை எழுதி வாசலில் மாட்டினோம்.

உடனே எதுவும் மாறிவிடவில்லை. வருகிறவர்கள் போர்டுக்குக் கீழே நின்றுகொண்டே பழைய கடைப் பெயரைச் சொல்லி, "அண்ணாச்சி இருக்காவளா?" என்றார்கள். ஒருவர் போர்டை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இது யாரு, புது ஓனரா?" என்று அப்பாவிடமே கேட்டார். அப்பா, "ஆமா, இப்பத்தான் வாங்கியிருக்காரு" என்றார். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்.

போனில் பேசுவதற்கு நான் மூன்று வரி எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஒன்று, வணக்கம். இரண்டு, கடைப் பெயர். மூன்று, எந்த ஊர், என்ன மோட்டார். அம்மா ஒன்றிலிருந்து நேராக மூன்றுக்குப் போவாள்.

இரண்டு மாதம் இருக்கும். ஒரு முற்பகலில் வாசுதேவநல்லூர்த் தோப்புக்காரர் ஒருவர் போன் செய்தார். ஆழ்குழாய் மோட்டாரை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பழக்கத்தில் பழைய கடைக்குப் போயிருக்கிறார். அங்கே வைண்டிங் செய்வதில்லை என்று சொல்லி எங்கள் தெருவுக்கு வழி காட்டி, போன் நம்பரும் கொடுத்திருக்கிறார்கள். இப்போது தெருமுனையில் நிற்கிறார். தறிச் சத்தத்தில் அவர் கத்திப் பேசியது என் மேஜை வரை கேட்டது.

"இங்கன மோட்டார் போர்டு ரெண்டு தெரியுது தாயி. எது உங்க கடை?"

"உள்ள வாங்க. ரெண்டாவது."

"எந்தப் பக்கமிருந்து ரெண்டாவது? ஆட்டோக்காரர் திருப்ப முடியாதுங்காரு. போர்டுல என்ன பேரு போட்டிருக்கு, அதச் சொல்லுங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். என் ஒரு கையில் சூடான சால்டரிங் கோல், மறுகையில் ஒரு தறியின் போர்டு. கோலைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டியிருக்கலாம். வைக்கப்போனேன். அதற்குள் அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த இரண்டாம் வரியை, எழுத்துக் கூட்டி வாசிப்பதுபோல, இனிஷியல் முதல் ஒர்க்ஸ் வரை முழுதாகச் சொன்னாள்.

"என்னது? கேக்கல்ல தாயி!"

இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னாள்.

அப்பாவின் கை கைப்பிடியில் அப்படியே நின்றது. உதடும் நின்றது. அம்மா போனை வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், ஏற்கெனவே மடித்துவைத்த காகிதம் ஒன்றைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

எண் கருவி எண்பத்தேழு என்று காட்டிக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பார்க்கவில்லை. சுற்றிய கம்பி முழுவதையும் உருவிப் போட்டுவிட்டு, ஒன்றிலிருந்து தொடங்கினார்.